சுவரில் இல்லாத தண்ணீர்

அந்த அறையில் எங்கோ தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

அக்காவுக்கு அதில் சந்தேகமே இல்லை. ரோட்டுக்கு அடியில் ஓடும் குடிநீர்க் குழாய்களில் எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய உத்தியோகம். இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு, லாரியும் பஸ்ஸும் போடுகிற கூச்சலுக்கு நடுவே மண்ணுக்குள் முனகும் தண்ணீரைப் பிரித்துக் கேட்டுவிடுவாள். ஆபீசில் அவளுக்குக் 'காதுக்காரி' என்றே பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே!

கட்டிலில் தங்கை படுத்திருந்தாள். காலையில்தான் பிரசவம் ஆகியிருந்தது. குழந்தை வீறிட்டு அழுத சந்தோஷம் அடங்குவதற்குள் அவளுக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்து, நிற்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. துணிகள் சொட்டச் சொட்ட வாளியில் போவதை அக்கா கதவிடுக்கில் பார்த்துவிட்டாள். டாக்டர்கள் ஒருவழியாக ரத்தத்தை நிறுத்தினார்கள், புது ரத்தம் ஏற்றினார்கள், மத்தியானம் அறைக்கு அனுப்பினார்கள். இப்போது ஓடுவது மூன்றாவது பை. தங்கையின் கணவன் நான்காவதுக்கு ரத்தம் கொடுக்க ஆள் பிடிக்கப் போயிருந்தான்.

பிரசவ அறை நர்ஸ் காலையில் பதறிக்கொண்டே சொன்னது அக்காவின் மண்டையில் ஆணி அடித்தாற்போல் இருந்தது. "தலையத் தூக்க விடாதீங்க. மட்டமா படுத்தே இருக்கணும். எந்திரிச்சா ஆபத்து." சரி, அவ்வளவுதானே? இவள் இருக்கும்வரை தங்கை ஒரு விரற்கடை எழுந்துவிடுவாளா என்ன!

மருந்து நெடி, வெந்நீரில் துவைத்த விரிப்பின் வாசனை, ஜன்னலோரத் தொட்டிலில் தூங்கும் குழந்தையிடமிருந்து வரும் பச்சைப் பால் மணம், இவை எல்லாவற்றுக்கும் அடியில் நாக்கில் துருப்போல ஒட்டும் ரத்த வாடை. தலைக்கு மேலே ஏ.சி.யின் ரீங்காரம், வெளியே எண்ணெய் காணாத சக்கரத்தோடு தள்ளுவண்டி போகும் கிறீச்சொலி, அதற்கும் கீழே, காதைத் தீட்டினால் மட்டும் பிடிபடும்படி, அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குச் சற்று முன்பு பாத்திரத்தின் அடியில் எழும்புமே, அந்தச் சத்தம்.

"ஏதாச்சும் சத்தம் கேக்குதாடி?"

"ஆஸ்பத்திரிக்கு வந்தும் ஆபீஸ் வேலையா?" தங்கை கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "இங்க உனக்குச் சம்பளம் தர மாட்டாங்க, அக்கா."

சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. சின்ன இருமல்தான். தொண்டை வறண்டிருக்கும் என்று அக்கா ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தாள்.

"தலகாணி இன்னொன்னு வையேன்."

"கூடாது. பேசாம தூங்கு."

குளியலறைக்குப் போய்ப் பார்த்தாள். குழாய் இறுக மூடியிருந்தது. தொட்டி காய்ந்து கிடந்தது. எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் கவிழ்த்து அதன் அடியில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. அடுத்த சுவரும் செத்த சுவர். அறைக்குத் திரும்பியதும் சத்தம் மறுபடி வந்தது, முன்னைவிடக் கொஞ்சம் தடிமனாக. அவளுக்கு எரிச்சல் வந்தது. இத்தனை வருஷத்தில் எந்தத் தண்ணீரும் அவளிடம் இப்படிக் கண்ணாமூச்சி ஆடியதில்லை.

பிற்பகல் முறைக்கு வந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள். காலையில் இருந்தவள் இல்லை, வேறொருத்தி.

"சிஸ்டர், இந்த ரூம்ல எங்கயோ பைப்பு லீக் ஆகுது. சுவத்துக்குள்ளதான் இருக்கணும்."

"அப்படியா? பிளம்பர்கிட்ட சொல்றேன்." நர்ஸ் ரத்தப் பையை நிமிர்ந்து பார்த்தாள். "இவங்க எப்படி இருக்காங்க? மூச்சு கீச்சு ஒண்ணும் வாங்கலையே?"

தங்கை வாயைத் திறந்தாள். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "நல்லா இருக்கா. தொண்ட வறட்சி, லேசா இருமல். அவ்வளவுதான்."

பக்கத்து அறையில் மணி அடித்தது. "இதோ வந்துடறேன்," என்று நர்ஸ் ஓடினாள்.

ஏ.சி. ஒரு முறை இருமிவிட்டு நின்றது. ரீங்காரம் போனதும் அந்த இன்னொரு சத்தம் அறை முழுவதையும் எடுத்துக்கொண்டது. களகளவென்று, பொடிப்பொடியாக, ஏதோ நிரம்பிக்கொண்டே வருவதுபோல. வெறும் தண்ணீர்தானே, இதற்குப் போய் என்ன பயம் என்று அக்கா தன்னையே திட்டிக்கொண்டாள். ஜன்னல் சுவரில் டம்ளரை வைத்தாள். இல்லை. வாசல் சுவரிலும் இல்லை. மண்டி போட்டுத் தரையில் வைத்தாள். தரை ஊமையாக இருந்தது.

கட்டில் காலில் வைத்தாள்.

இருந்தது. இரும்புக்குள் ஓடி வந்து காதில் கொட்டியது. ஆகா, மாட்டினாயா! கட்டிலுக்கு அடியிலேயே குழாய் போகிறதா? எந்த மடையன் போட்டான்?

கட்டில் ஆடியது. தங்கை இரண்டு முழங்கைகளையும் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள்.

"அடியே, என்ன பண்றே!" அக்கா பதறி எழுந்து தோள்களைப் பிடித்து அமுக்கினாள்.

"உக்காரணும்... அக்கா..."

"ரத்தம் போன உடம்புடி. எந்திரிச்சா திரும்பவும் கொட்டிடும். எனக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கோ, கண்ணு."

"முடியல... விடு..."

விடவில்லை. அந்த வாளி கண்முன்னால் வந்தது. இன்னொரு முறை அதைப் பார்க்க அவளால் ஆகாது. இவளைப் பறிகொடுத்துவிட்டு அந்தக் குழந்தையின் முகத்தில் எப்படி விழிப்பாள்? அழுத்திப் பிடித்தாள். தங்கை திமிறினாள். காலையில் விரலைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்தவளுக்கு இத்தனை பலமா! ரத்தம் வேலை செய்கிறது என்று அக்காவுக்கு ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. மேலே பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது.

குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் ஒரே சீராகப் போகும். நின்று நின்று வராது.

இது நின்றது.

வந்தது.

நின்றது.

அவள் உள்ளங்கைக்குக் கீழே, தங்கையின் தோளெலும்பில், அதே தாளத்தில் ஏதோ நுரைத்தது.

காலடியில் கிடந்த டம்ளர் தட்டுப்பட்டு உருண்டது. அக்கா குனிந்தாள். நெஞ்சில் காதை வைத்தாள்.

தண்ணீர்.

இடப்பக்கம் வைத்தாள். தண்ணீர். வலப்பக்கம். தண்ணீர். அடியிலிருந்து கழுத்துவரை.

"சிஸ்டர்!" அவள் போட்ட சத்தத்தில் குழந்தை விழித்து அலறியது.

நர்ஸ் ஓடிவந்தாள். ஒரு பார்வைதான். ரத்தப் பையின் குழாயிலிருந்த சக்கரத்தை உருட்டி அடைத்தாள். "ஐயோ, யாருங்க இப்படிப் படுக்க வச்சது? நுரையீரல்ல தண்ணி கட்டிடுச்சு! ரத்தம் ஏத்துறப்ப சில பேருக்கு இப்படி ஆகும்!"

"காலைல... எந்திரிக்க விடக் கூடாதுன்னு..."

"அது ரத்தம் போயிட்டிருந்தப்ப சொன்னதும்மா!" நர்ஸ் சுவரிலிருந்த மணியை அழுத்தினாள். யாரும் வரவில்லை. ஒரே இழுப்பில் தங்கையை உட்காரவைத்துக் கட்டிலின் தலைமாட்டில் சாய்த்தாள். "மட்டமா படுத்தா மூழ்கிடுவாங்க. நிமிர்த்திப் பிடிச்சுக்குங்க, விட்டுடாதீங்க! டாக்டரையும் ஆக்சிஜனையும் கூட்டிட்டு ஓடியாரேன்!"

காலடிச் சத்தம் வெளி நடையில் தேய்ந்து போனது.

தங்கையின் உதடு நீலம் பாரித்திருந்தது. வாயோரம் இளஞ்சிவப்பாக நுரை வந்தது. அது உடைந்தது. அடுத்தது வந்தது. பிறகு மூக்கிலிருந்தும்.

"இதோ, இதோ பிடிச்சுக்கறேன்டி." அக்கா இரண்டு கைகளையும் நீட்டினாள்.

தங்கை அந்தக் கைகளைப் பார்த்தாள்.

குதிகாலை விரிப்பில் உதைத்தாள். பின்னால் நகரப் பார்த்தாள். நகர இடமில்லை. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆட்ட ஆட்ட நுரை தெறித்தது.

"இல்லடி கண்ணு, அமுக்க மாட்டேன். சத்தியமா. நிமிர்த்தத்தான்."

ஒரு அடி எடுத்து வைத்தாள். தங்கை அவளைப் பார்த்தபடியே உதைத்தாள். உதைத்த உதையில் முதுகு தலைமாட்டிலிருந்து ஒரு சாண் வழுக்கியது.

அக்கா நின்றாள்.

நின்றாலும் வழுக்கியது. மெல்ல. இன்னும் ஒரு சாண்.

நடையில் யாரும் இல்லை. அக்காவின் கைகள் நீட்டியபடியே இருந்தன. அந்தக் கைகளிலிருந்து கண்ணை எடுக்காமல், வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே, தங்கை கொஞ்சம் கொஞ்சமாக மட்டமாகிக்கொண்டிருந்தாள்.