மறைக்க ஒன்றுமில்லை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பத்தொன்பது கணித ஆசிரியர்கள் மூன்றை மூன்றில் இரண்டால் வகுக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். விடை எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்கினால் நாலரை. ஆனால் வகுத்தால் எண் குறையத்தானே வேண்டும், மூன்று எப்படி நாலரை ஆயிற்று என்ற இடத்தில் எல்லோரும் நின்றுபோனார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பென்சிலைக் கடித்தார்கள். ஒருவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுக் கையை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நிரஞ்சனா, பக்கத்து இருக்கைக்காரர் நெற்றியைச் சுருக்கும்போது தானும் சுருக்கினாள். அவர் எழுதியதை அடித்தால் இவளும் அடித்தாள். நடிப்பு வெளியே தெரிந்துவிடுமோ என்று அவளுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

சிறுமலை அடிவாரத்தில் இருந்த அந்தப் பணித்திறன் மையத்துக்கு, அறிவியல், கணித ஆசிரியர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஐந்து நாள் வந்தாக வேண்டும். முன்பெல்லாம் பயிற்சி என்றால் திரையில் படம் காட்டுவார்கள், தேநீர் வரும், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். மறைப்பி என்ற இயந்திரம் வந்த பிறகு அது மாறிவிட்டது. நன்றாகப் புரிந்த ஒருவருக்கு, புரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பது மறந்துபோகிறது. அதனால்தான் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று ஆசிரியருக்குத் தெரிவதில்லை என்று கண்டுபிடித்தார்கள். மறைப்பி ஒரு பாடத்தின் புரிதலை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு, தலைக்குள் இருப்பதை மறைத்துவிடும். ஐந்து நாள் ஆசிரியர் மாணவராக இருந்து தடுமாறுவார், தடுமாறிய இடங்களைக் குறித்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை மீட்பு. பிரதி திரும்பத் தலைக்குள் போய்விடும். பக்கத்துக் கூடத்தில் இயற்பியல் ஆசிரியர்கள் வாளித் தண்ணீரில் மிதக்கும் கட்டையைக் காலையிலிருந்து வெறித்துக்கொண்டிருந்ததும் இதனால்தான்.

நிரஞ்சனாவும் திங்கட்கிழமை மறைப்பியின் நாற்காலியில் இருபது நிமிடம் உட்கார்ந்தாள். எழுந்தபோது எதுவுமே மாறியிருக்கவில்லை. தலைகீழாகத் திருப்பு, பெருக்கு, நாலரை. எப்போதும்போல் தெளிவாக இருந்தது.

தேநீர் இடைவேளையில் மறைப்பியை இயக்கும் ஆஃப்ரினைத் தேடிப் போனாள்.

"ஒரு சந்தேகம்மா. இந்த மிஷின் யாருக்காவது வேலை செய்யாமப் போகுமா?"

"இதுவரைக்கும் இல்ல மேடம். ஏன், உங்களுக்கு எதுவும்..."

"எனக்கு இல்ல. சும்மா கேட்டேன். எல்லாரும் விதிய மட்டும் கரெக்டாச் சொல்றாங்களே, அதான்."

"மனப்பாடத்த இது தொடாது மேடம். விதி, வாய்ப்பாடு எல்லாம் அப்படியே இருக்கும். அதுக்குக் கீழ இருக்கிற 'ஏன்' இருக்கு பாருங்க, அத மட்டும்தான் எடுத்து வைக்கும். கணக்கு வரும், ஆனா அது எதுக்கு அப்படி வருதுன்னு கேட்டா உள்ள ஒண்ணும் இருக்காது. அப்படி இருந்தா மறைஞ்சிருக்குன்னு அர்த்தம்."

நிரஞ்சனா தேநீர்க் குவளையோடு வராந்தாவுக்கு வந்தாள். உள்ளே ஒன்றும் இருக்காது. அவள் பாடம் நடத்திய இருபத்திரண்டு ஆண்டுகளும் அப்படித்தானே இருந்தன. அவளுடைய பள்ளியில் ஏழு வருடமாக ஒரு பிள்ளைகூடக் கணக்கில் தோற்றதில்லை. அவள் நடத்திய பாடங்களைப் பதிவுசெய்து, புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். மறைப்பி பழுதாகவில்லை. அது தேடிப் பார்த்திருக்கிறது. எடுத்து வைப்பதற்கு அங்கே எதுவும் கிடைக்கவில்லை.

தேநீர் ஆறிப்போனது. அவள் அதைக் குடிக்காமலே செடிக்கு ஊற்றினாள்.

அன்று முழுவதும் நடித்தாள். ஆனால் நடிப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. மணிக்கொரு முறை ஒவ்வொருவரும் ஒரு கேள்வி எழுதித் தர வேண்டும். முதலில் பக்கத்தில் இருப்பவரின் கேள்வியைக் கொஞ்சம் மாற்றி எழுதினாள். மூன்றாவது முறை, 'எதற்காகத் திருப்ப வேண்டும்?' என்று எழுதியவள் பேனாவை எடுக்கவில்லை. அந்த மூன்று சொற்களில் இரண்டு அவளுடையவை அல்ல, ஆனால் கேள்வி அவளுடையதாகிவிட்டது. அதற்குப் பிறகு நடக்கும்போதும் கை கழுவும்போதும் அது கூடவே வந்தது.

புதன்கிழமை சாப்பாட்டு அறையில் ஜெபின் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்தவர், அவரும் கணக்குத்தான். ஒரு கரண்டி ஊற்றி டம்ளரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"டீச்சர், ஒரு கரண்டி ஊத்தினா டம்ளர்ல மூணுல ரெண்டு பங்குதான் நிக்குது, பாத்தீங்களா?"

"இன்னும் அரைக் கரண்டி ஊத்துங்க, நிறைஞ்சிரும்."

அவர் ஊற்றினார். விளிம்பு வரை வந்து நின்றது.

"அப்ப ஒரு டம்ளருக்கு ஒன்றரைக் கரண்டியாக்கும்" என்றார் ஜெபின்.

நிரஞ்சனாவின் கை தட்டின் மேல் அப்படியே நின்றது. ஒன்றரை. இரண்டில் மூன்று. கரண்டி டம்ளரில் மூன்றில் இரண்டு. டம்ளருக்குத் தேவை இரண்டில் மூன்று கரண்டி. திருப்பிப் போட்ட எண் வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஒன்றுக்குள் அது எத்தனை தடவை போகும் என்பதுதான் அது.

"சார், மூணு டம்ளர் வைங்க."

மூன்று டம்ளருக்கும் ஊற்றினார்கள். நாலரைக் கரண்டி. சிறியதை வைத்து அளந்தால் எண்ணிக்கை கூடத்தானே செய்யும். ஜெபின் சிரிக்க ஆரம்பித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கடைசி டம்ளர் சாய்ந்து ஜெபினின் சட்டையெல்லாம் ரசம். "குடிக்கிறதா இருந்தா ஊத்துங்க" என்று பரிமாறுகிற அம்மா சத்தம் போட்டார். அதற்கும் சிரித்தார்கள். நாற்பத்துநான்கு வயதில் முதன்முறையாக ஒரு கணக்கு அவளுக்குள் தானாக எழுந்து நின்றது.

வியாழன் மதியம் பயிற்றுநர் தரணீஷ் மறுநாள் மீட்பைப் பற்றி விளக்கினார்.

"இந்த நாலு நாள்ல இந்தப் பாடத்துல நீங்க புதுசா எதைப் புரிஞ்சிருந்தாலும், அது போயிரும். கவலைப்படாதீங்க. உங்க பழைய புரிதல் அதே இடத்துல வந்து உட்காரும். ரெண்டும் ஒரே இடத்துல இருக்க முடியாது. எங்க தடுமாறினோம்ங்கிற ஞாபகம் இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான்."

மறைத்ததை மீட்காமல் ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் மற்ற பாடங்களும் தளர்ந்துவிடும் என்பதால், மீட்புச் சான்று இல்லாதவர் வகுப்புக்குள் போகக் கூடாது என்பது விதி. எல்லோரும் தலையாட்டினார்கள். நிரஞ்சனா எழுந்து வெளியே போய்விட்டாள்.

மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். மற்றவர்களுக்குத் திரும்பி வர ஒன்று இருக்கிறது. அவளுடைய பிரதி வெறுமை. நாளை அந்த வெறுமை வந்து ரசக் கரண்டியின் மேல் உட்காரும். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினாள். படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தாள். நாளைக்குப் பிறகு அது இன்னொரு விதியாகத்தான் இருக்கும். அதையும் அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பாள், அவளுக்குத் தன்னைத் தெரியும். வேண்டாம் என்று மறுத்தால் காரணம் கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் இருபத்திரண்டு வருடமும் கூடவே போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பெயராக அவளைக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் கதவுக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். உள்ளே ஆஃப்ரினும் தரணீஷும் மட்டும்.

"உட்காருங்க மேடம்."

அவள் நின்றாள். "என் பிரதியத் திறந்து பாருங்கம்மா."

உரியவரின் கைரேகை இல்லாமல் பிரதியைத் திறக்க முடியாது. நிரஞ்சனா தானே பெருவிரலை வைத்தாள். திரையில் ஒரு வரி வந்தது: புரிதல் இணைப்புகள், பூஜ்யம். ஆஃப்ரின் திரையைக் கதவுப் பக்கம் தெரியாமல் திருப்பிக்கொண்டாள்.

"மிஷின் கோளாறா இருக்கும்" என்றார் தரணீஷ்.

"இல்ல சார். திங்கட்கிழமை எடுக்கிறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. புதன்கிழமைதான் வந்துச்சு. அத எடுத்துறாதீங்க."

"இத்தனை வருஷமா இந்தப் பாடத்த நடத்தியிருக்கீங்களே, டீச்சர்?"

"நடத்தியிருக்கேன் சார்."

தரணீஷ் திரையில் இருந்த வரியை மறுபடி படித்தார். அவள் கேட்டாள்: "நீங்களும் ஒவ்வொரு குழுவோடயும் மறைப்பியில உட்காருவீங்கல்ல?"

"எட்டு தடவை. இது ஒன்பதாவது." சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே தன் விரலை வைத்தார்.

அதே வரி வந்தது. பூஜ்யம். ஆஃப்ரின் தயங்கி, அவருடைய பழைய குறிப்புகளைக் கீழே ஓட்டினாள். ஒவ்வொரு குழுவிலும் மூன்றாம் நாளிலோ நான்காம் நாளிலோ அவர் கையால் எழுதியிருந்தார்: 'புரிந்துவிட்டது.'

"சந்தோஷமா இருந்தது ஞாபகம் இருக்கு" என்றார் தரணீஷ். "பழசுதான் எட்டிப் பாக்குதுன்னு நெனச்சிக்கிட்டேன். அப்புறம் நானே வெள்ளிக்கிழமை போய் உட்கார்ந்து அழிச்சிருக்கேன்."

அவர் கதவைத் திறந்து வரிசையில் நின்றவர்களிடம் சுற்றி வளைக்காமல் சொன்னார். யாருடைய பிரதி காலியாக இருக்கிறதோ அவர்கள் உட்கார வேண்டியதில்லை; ஆனால் திறந்து பார்த்தால்தான் தெரியும்; திறந்தால் அது பதிவேட்டில் ஏறும். தன் பிரதி காலியாக இருந்தது என்றும் சொன்னார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. முன்னால் நின்ற ஜெபின் படிவத்தை வாங்கி, 'திறக்க வேண்டாம்' என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் பதினேழு பேர். பதினேழு படிவத்திலும் அதே கட்டம். தரணீஷ் உட்காரவில்லை.

மூன்று மணிக்கு மையத்தின் பேருந்து மதுரைக்குக் கிளம்பியது. நிரஞ்சனாவின் கையில் சான்றுக்குப் பதிலாக ஒரு கடிதம்: விசாரணை முடியும்வரை வகுப்பெடுக்க வேண்டாம். ஜெபின் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தார். வெகுதூரம் போன பிறகு மெல்லக் கேட்டார்.

"டீச்சர், புதன்கிழமை நாம அப்படிச் சிரிச்சமே, எதுக்கு? சட்டையில ரசம் கொட்டினது, அந்த அம்மா ஏசினது எல்லாம் ஓர்மை இருக்கு. எதுக்குச் சிரிச்சோம்னுதான் வரல்ல."

"ஒரு டம்ளருக்கு எத்தனை கரண்டி ஊத்தினோம்?"

"ஒன்றரை."

"ஏன் சார் ஒன்றரை?"

"மூணுல ரெண்டத் திருப்பிப் போட்டா ரெண்டுல மூணு. அதான விதி." கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "அதுக்கா சிரிச்சோம்?"

ஜெபின் பையிலிருந்து சான்றிதழை எடுத்து, மடங்கியிருந்த ஓரத்தை நீவி விட்டார்.

"திங்கட்கிழமை ஏழாம் வகுப்புல எனக்கு இந்தப் பாடம்தான், டீச்சர். உங்களுக்கு?"

"எனக்கு வகுப்பு இல்ல சார்" என்றாள் நிரஞ்சனா.