மாதங்கியின் பதில்

செம்மண்குடியில் காலை ஆறு மணிக்குப் பரஞ்சோதி எட்டு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் வீட்டில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியும்கொண்டிருந்தார். இதில் வியக்க ஒன்றுமில்லை. செவ்வாய்க் கிரகத்தின் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் ஒரு பதிலி உண்டு. முகம், குரல், நடை எல்லாம் உரிமையாளரை அப்படியே உரித்து வைத்தது போலிருக்கும். உரிமையாளருக்காக அது ஓடும், விளையாடும், இசை கேட்கும், புத்தகம் வாசிக்கும். அதன் தசையலைகள் படுக்கை வழியாக உரிமையாளரின் கால்களில் ஏறிவிடும். கேட்டதும் வாசித்ததும் ஒரு சாரமாகச் சுருங்கிக் காதுக்குப் பின்னாலுள்ள செவிச்சில்லில் வந்து விழும். உடம்பும் கெடாது, அறிவும் மழுங்காது என்று குடியிருப்பு நிர்வாகம் பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

ஞாயிறு தோறும் பகிர்வுக் கூட்டம். அந்த வாரம் விளையாட்டில், உடற்பயிற்சியில், கேட்பதில், வாசிப்பதில் என்ன புதிதாகக் கண்டுகொண்டோம் என்று ஒவ்வொருவரும் முன்வந்து சொல்ல வேண்டும். பரஞ்சோதி அதற்கும் பதிலியைத்தான் அனுப்புவார். மற்றவர்கள் எல்லாம் சிரத்தையாக நேரில் வருகிறார்கள், நாம் ஒருவர்தான் இப்படி ஏமாற்றுகிறோம் என்று அவருக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. யாரிடமும் கேட்கவும் முடியாது. ‘வந்திருப்பது நீங்களா, பதிலியா?’ என்று கேட்பது அங்கே சம்பளத்தைக் கேட்பதைவிட அநாகரிகம்.

அந்தக் கூட்டத்தில்தான் அவருடைய பதிலி மூன்றாம் சுரங்கத்து மாதங்கியோடு பேசிப் பழகியது. நாற்பத்தாறு வயதுவரை கல்யாணப் பேச்சையே எடுக்காத மனிதர், ‘மாதங்கி இன்று சிரித்தார்’ என்ற சாரத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டார். போன ஞாயிறு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பதிலி மூலமாகக் கல்யாணத்துக்குக் கேட்டே விட்டார். அடுத்த கூட்டத்தில் பதில் சொல்வதாக மாதங்கி சொன்னாராம்.

திங்கட்கிழமை பதிலி படுத்துவிட்டது.

“இடுப்பு மோட்டார் போச்சு சார். பாகம் பக்கத்துக் குடியிருப்புல இருந்து வரணும். ஒரு வாரத்துக்கு மேல ஆகும்” என்றார் பழுது பார்ப்பவர்.

“ஞாயித்துக்கிழமை எனக்கு அது வேணுமே!”

“நீங்களே போங்களேன் சார்” என்று அவர் விளையாட்டாகச் சொன்னார். பரஞ்சோதிக்கும் வேறு வழி தெரியவில்லை.

கூட்டத்தில் எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று மறுநாள் தானே வட்டச் சுரங்கத்தில் ஓடப் போனார். ஓட வரவில்லை, நடந்தார். முழங்கால் கெஞ்சியது. ஆனால் வீடு திரும்பியதும் ஒரு பசி எடுத்தது பாருங்கள், அப்படியொரு பசி இருப்பதை எந்தச் சாரமும் அவருக்குச் சொன்னதில்லை. பூப்பந்து ஆடித் தோற்றார். தோற்றதும் ‘இன்னொரு ஆட்டம்’ என்று வாய் தானாகக் கேட்டது. நாகஸ்வரப் பதிவொன்றை முழுதாகக் கேட்டபோது, ராகத்தின் இரண்டு பிடிகளுக்கு நடுவே வாசிப்பவர் மூச்சு வாங்குவது காதில் விழுந்தது. ஒரு நாவலை எடுத்தார். பாதி கூடத் தாண்டவில்லை. அதில் வரும் மாமியார் மேல் கோபம் வந்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அந்தம்மாளோடு மனசுக்குள் சண்டை போட்டார். சனிக்கிழமை வந்தபோது உடம்பெல்லாம் வலி, ஆனால் மனிதர் சந்தோஷமாக இருந்தார்.

ஞாயிறன்று கூட்டத்துக்குப் போனார். அரங்கில் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவருக்குக் கால் கடுத்தது. “உட்கார ஒரு நாற்காலி கிடைக்குமா?” என்று வாசலில் நின்ற மேற்பார்வையாளரைக் கேட்டார்.

“நாற்காலியா? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே!”

பரஞ்சோதி சுற்றிலும் பார்த்தார். ஒருவர்கூடக் கால் மாற்றி நிற்கவில்லை, இருமவில்லை, கொட்டாவி விடவில்லை. முன்வரிசையில் மாதங்கி நின்றார். நாகரிகத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அவர் அருகில் போய் மெதுவாகக் கேட்டார்: “வந்திருக்கிறது... நீங்கதானா?”

நேராகக் கேட்டால் பதிலிகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. “அவங்க வீட்டுல இருக்காங்க சார். இங்க இப்ப உரிமையாளர்னு வந்திருக்கிறது நீங்க மட்டும்தான்.”

“அப்போ நான் கேட்டதுக்குப் பதில்?”

“நீங்க கேட்டதைச் சாரத்துல அனுப்பியிருக்கேன். அவங்க இன்னும் கேக்கல.”

பரஞ்சோதி நொண்டிக்கொண்டே மூன்றாம் சுரங்கத்துக்கு நடந்தார். கதவைத் திறந்தது நிஜ மாதங்கி. கலைந்த தலை, கண்ணில் தூக்கம். அவர் விஷயத்தைச் சொன்னதும் மாதங்கி திகைத்துப்போனார்.

“மன்னிச்சுக்குங்க. மூணு மாசச் சாரம் அப்படியே கிடக்கு. ‘கேட்டாச்சு’ன்னு தட்டி விட்டுடுவேன். நான் மட்டுந்தான் இப்படின்னு நினைச்சு வெக்கமா வேற இருந்துச்சு.”

“நானும் போன வாரம் வரைக்கும் அப்படித்தாங்க” என்ற பரஞ்சோதி, வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பசியைச் சொன்னார், நாகஸ்வரக்காரரின் மூச்சைச் சொன்னார், மாமியார் சண்டையைச் சொன்னபோது மாதங்கி வாய்விட்டுச் சிரித்தார். சாரத்தில் கேட்ட சிரிப்பைவிட அது கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. பரஞ்சோதிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

“கேக்கவே ஆசையா இருக்குங்க” என்றார் மாதங்கி. அவர் கண் கலங்கியிருந்தது. “நாளைக்குக் காலையில நடக்கப் போவீங்களா? அங்கயே என் பதிலைத் தெரிஞ்சுக்குங்க.”

மறுநாள் பரஞ்சோதி முதல் ஆளாக வட்டச் சுரங்க வாசலில் போய் நின்றார். சொன்னபடி மாதங்கி வந்தார். தலையை நன்றாக வாரியிருந்தார். இருவரும் பேசிக்கொண்டே ஒரு சுற்று நடந்தார்கள். சுரங்கத்தின் வடக்கு மேட்டில் ஏறும்போது, “கல்யாணத்துக்குச் சம்மதம்” என்றார் மாதங்கி. பரஞ்சோதிக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் வேகமாக ஏறிவிட்டு, பாவம், இவரையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறோமே என்று சட்டென நின்றார்.

“முதல் நாளாச்சே, கால் வலிக்குதா? கொஞ்சம் நின்னு போகலாமா?”

“எனக்கு வலிக்காது சார்.”

பரஞ்சோதி அந்த முகத்தையே பார்த்தார். “அவங்க வரலையா?”

“அவங்களுக்கு ரொம்ப ஆசை சார். நேத்திலிருந்து இதே பேச்சுதான்” என்றது பதிலி. “‘நீ போய் அவரோட நல்லா நடந்துட்டு வா, எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லு’ன்னு என்னை அனுப்பி வச்சாங்க.”