கடைசி ஆட்டத்துக்கு வராத மின்மினி

காலை 10.35. மூன்றாவது மாடியின் கோடியில் இருந்த சின்ன அறையின் பூட்டைத் திறந்த மேலாளர், வாசலிலேயே நின்றுவிட்டார். ஒன்பது வருடமாக ஓயாமல் இரைந்துகொண்டிருந்த சர்வர் கணினி மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது. அதன் முகப்பில் இரண்டு டிஸ்க்குகள் செருகியிருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. அறைக்கு ஜன்னல் கிடையாது. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த டிஸ்க்குகள் கைமாற வேண்டியவை. அவற்றில் இருந்தது, ஐந்து பேர் ஓர் அணியாகச் சேர்ந்து மோதும் ஒரு பழைய கணினி ஆட்டம். நிறுவனம் அதை மூடிவிட நினைத்தது. இன்னும் விட்டுப் பிரியாமல் ஆடிக்கொண்டிருந்த நாலாயிரம் பேர், 'மூடாதீங்க, சர்வரை எங்ககிட்ட குடுங்க, நாங்களே நடத்திக்கறோம்' என்று எட்டு மாதம் மல்லுக்கு நின்றார்கள். வாசலில் அட்டை பிடித்து வெயிலில் காய்ந்தார்கள். கடைசியில் நிறுவனம் இறங்கி வந்து கையெழுத்துப் போட்டது. கொடுக்கிற நாளில்தான் இப்படி.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டருக்குக் கணினி ஆட்டம் பற்றி ஒன்றும் தெரியாது. திருட்டைப் பற்றித் தெரியும், திருடுகிறவர்களைப் பற்றி அதைவிட நன்றாகத் தெரியும். முந்தின நாள் கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றியவர் நேரம் வைக்க மறந்திருந்தார். கீழே வரவேற்பறையில் தனியாக உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கேட்டார்.

"மணி என்னம்மா?"

அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். "பதினொண்ணு அஞ்சு சார்."

அவர் முள்ளைத் திருப்பி வைத்துக்கொண்டார். "நீ யாரு?"

"ஆட்டக்காரங்க சங்கத் தலைவி. டிஸ்க்கை வாங்கிட்டுப் போக வந்தேன்." மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மடியில் ஒரு பை. டிஸ்க் அடிபடாமல் இருக்க உள்ளே ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டிருந்தாள். அந்தத் துண்டைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டருக்கு என்னவோ போல் இருந்தது.

மாடி ஏறியபோது நடைவழிச் சுவர்க் கடிகாரம் 11.15 காட்டியது. தன்னுடையதைப் பார்த்தார். 11.08. ஊழியர்களைச் சீக்கிரம் வரவைக்க ஆபீஸ்காரர்கள் செய்யும் தந்திரம் என்று நினைத்துக்கொண்டார்.

மேலாளர் படபடத்தார். "சார், அந்தப் பொண்ணுதான். கீழ தனியா இருந்தா. வேற யாரு எடுப்பா?"

"பன்னண்டு மணிக்குச் சும்மா கிடைக்கப் போறதைப் பத்து மணிக்கு யாராவது திருடுவாங்களா?"

மேலாளர் கையிலிருந்த சாவியை மேசையில் வைத்தார்.

"கொடுக்க மாட்டேன்னு எட்டு மாசம் நின்னது நீங்கதானே?"

"வேலை சார். மேல சொன்னதைச் செஞ்சேன். நான் இங்க வந்தே ஒரு வருஷம்தான், அந்த ஆட்டத்தை ஆடினதுகூட இல்ல."

"சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு சர்வரைப் பார்த்துக்கற அக்காகிட்ட. பத்து அஞ்சிலேர்ந்து எல்லாரும் கூட்ட அறையில இருந்தோம். அந்த ஆட்டத்துல வேலை செஞ்சவங்களுக்கு வழியனுப்பு. வரவேற்புல இருக்கறவங்களும் மேலதான் இருந்தாங்க."

"நடுவுல யாரும் எழுந்து போகலையா?"

"அக்கா மட்டும். பத்து இருபத்தஞ்சுக்குக் கையெழுத்துக் காகிதம் அச்செடுக்கப் போனாங்க. வர ஆறு நிமிஷம் ஆச்சு. ஆனா ஆட்டம் நின்னது பத்து இருபதுக்கு. அந்தப் பொண்ணே சொன்னா. அப்ப அக்கா என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க."

"அக்கா எப்படிப்பட்டவங்க?"

மேலாளரின் குரல் இறங்கியது. "அவங்களுக்கு ஒரே பையன். ரெண்டு வருஷம் முன்னாடி காய்ச்சல்ல போயிட்டான். அதுக்கப்புறம் வேலையே கதின்னு கிடக்கறாங்க. சாயங்காலம் எல்லாரும் போன பிறகும் உக்காந்திருப்பாங்க."

இன்ஸ்பெக்டர் கீழே இறங்கி வந்தார். சங்கத் தலைவி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"பத்து இருபதுக்கு என்ன செஞ்சுட்டு இருந்த?"

"செல்போன்ல ஆடிட்டு இருந்தேன் சார். நிறுவனத்து சர்வர்ல கடைசி ஆட்டம்னு எல்லாரும் வந்திருந்தோம். மின்மினி மட்டும் வரல. திடீர்னு நின்னுபோச்சு." செல்போனை நீட்டினாள். ஆட்டம் உறைந்து நின்ற கடைசித் திரையைப் படமாக எடுத்து வைத்திருந்தாள். ஆட்டத் திரையின் மூலையில் 10.20.

"மின்மினி யாரு?"

"எங்க அணியில அஞ்சாவது ஆள். நேர்ல பார்த்ததில்ல. பகல்ல வரமாட்டான், சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவான். ரெண்டு வருஷமா மைக் கெட்டுப்போச்சுன்னு எழுத்துலதான் பேசுவான்."

"ரெண்டு வருஷமாவா ஒரு மைக்கை மாத்தல?"

அவள் பையிலிருந்த துண்டை மறுபடி மடித்து வைத்தாள்.

"உங்க அணி நல்லா ஆடுமா?"

"முதல் இடத்துல இருந்தோம். இப்ப நாப்பத்தொண்ணு. ஒரு ஆளை மாத்தச் சொன்னாங்க. மாத்தல."

சங்கத்தின் குழுவில் வந்த செய்திகளை இன்ஸ்பெக்டர் தள்ளிப் பார்த்தார். 'என்னாச்சு?' 'ஐயோ போச்சு!' 'நிறுத்திட்டானுங்களா?' நூற்றுக்கணக்கில் குவிந்திருந்தன. முதல் செய்தி வந்த நேரம் 10.28.

எட்டு நிமிடம். சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் தட்டைப் பிடுங்கினால் எட்டு நிமிடம் கழித்தா கத்துவான்? நாலாயிரம் பேரில் ஒருவனுக்குக்கூடவா உடனே வாய் வரவில்லை? அவர் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அக்கா தன் மேசையில் இருந்தாள். ஐம்பதைத் தாண்டிய மெலிந்த உருவம். மேசையில் ஒரு கணினி, தண்ணீர்ப் புட்டி, துணியில் முடிந்த சாப்பாட்டு டப்பா. இன்ஸ்பெக்டர் உட்காரும்போது அவள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒன்பது வருஷமா நீங்கதான் பார்த்துக்கறீங்களா?"

"ஆமாங்க."

"ஆடியிருக்கீங்களா?"

"எனக்கு எங்க ஆடத் தெரியும்? ஓடுதான்னு பார்க்கறது மட்டும்தான் என் வேலை."

"அந்தப் பொண்ணு பையைச் சோதிக்கச் சொல்லியிருக்கேன்."

"அவ எடுக்கல." சட்டென்று வந்தது பதில்.

"எப்படித் தெரியும்?"

"தெரியும்." பிறகு மெதுவாக, "அந்தக் குழந்தை காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடாம உக்காந்திருக்கு" என்றாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "மணி என்ன ஆச்சு?"

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பதினொண்ணு நாப்பதுங்க."

அவருடையதும் 11.40. சரியாகத்தான் இருக்கிறது என்று திருப்தியோடு வெளியே வந்தவர், மேலாளரின் மேசையைத் தாண்டும்போது நின்றார். தொலைபேசியின் சின்னத் திரை 11.48 என்றது. சுவரும் 11.48 என்றது. அவர் கை 11.41 என்றது.

ஆபீஸ் கடிகாரம்தான் வேகமாக ஓடுகிறது என்றால் தொலைபேசியுமா ஓடும்?

அப்படியானால் தவறு தன் கையில்தான். தன் கைக்கு அந்த நேரத்தைக் கொடுத்தவள் கீழே இருக்கிற பெண். ஒருவர் கடிகாரம் ஏழு நிமிடம் தாமதமாக இருக்கலாம், அது பேட்டரி. முன்பின் பார்த்திராத இரண்டு பேருடைய கடிகாரங்கள் ஒரே ஏழு நிமிடம் தாமதமாக இருந்தால் அது பேட்டரி இல்லை.

இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

"உன் கடிகாரம் ஏன் தப்பா இருக்கு?"

அவள் திகைத்தாள். "தப்பு இல்ல சார், ஆட்ட நேரம். முதல் போட்டி நடந்தப்பவே சர்வர் கடிகாரம் ஏழு நிமிஷம் பின்னால இருந்தது. திருத்தினா பழைய சாதனையெல்லாம் குழம்பிடும்னு அப்படியே விட்டுட்டாங்க. போட்டியைத் தவற விடக்கூடாதுன்னு நாங்களும் அதையே கையில வச்சுக்குவோம். ஆடறவங்க எல்லாரும் அப்படித்தான்."

"ஆடாதவங்க?"

"அவங்க எதுக்கு சார் வச்சுக்கப் போறாங்க?"

பகல் 1.00. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்கா மட்டும் போகவில்லை, டப்பாவும் அவிழ்க்கப்படவில்லை. இன்ஸ்பெக்டர் எதிரே உட்கார்ந்தார்.

"ஆட்டம் நின்னது பத்து இருபது இல்லம்மா. அது ஆட்ட நேரம். நம்ம நேரப்படி பத்து இருபத்தேழு. அதனாலதான் பத்து இருபத்தெட்டுக்குக் கத்த ஆரம்பிச்சாங்க. அந்த நேரத்துல கூட்ட அறைக்கு வெளியில இருந்தவங்க, கையில சாவி வச்சிருந்தவங்க, நீங்க ஒருத்தர்தான்."

அவள் டப்பாவின் மேல் கையை வைத்தபடி இருந்தாள்.

"ஆடத் தெரியாதுன்னு சொன்னீங்க. உங்க கையில ஆட்ட நேரம் ஓடுது. இன்னைக்குக் காலையில எல்லாரும் ஆட வந்தாங்க, மின்மினி வரல. வழியனுப்புக் கூட்டத்துல உக்காந்திருந்தா எப்படி வர முடியும்?" அவர் குரல் தானாகவே தணிந்தது. "மின்மினி உங்க பையன் பேரா?"

அக்கா முடிச்சை அவிழ்த்தாள். டப்பாவுக்குள் இரண்டு டிஸ்க்குகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"அவன் போன மூணாவது வாரம் இந்த மேசையில உக்காந்து அவன் பேர்ல உள்ள போனேன். சும்மா பார்க்கத்தான். 'எங்கடா போயிருந்த?'ன்னு நாலு பேரும் கேட்டாங்க. போயிட்டான்னு எழுத வரல சார். 'உடம்பு சரியில்ல, இப்ப தேவலை'ன்னு எழுதிட்டேன்." துணியை நாலாக மடித்தாள். "ஊர்ல எல்லாரும் அவனை விட்டுட்டாங்க. அந்த ஒரு இடத்துலதான் அவன் தினம் வர்றான், போறான், பேசறான்."

"அப்புறம் எதுக்கு எடுத்தீங்க?"

"யார் எங்கேர்ந்து உள்ள வந்தாங்கங்கற பதிவு முழுசா வேணும்னு சங்கம் எழுதி வாங்கியிருக்கு. ஏமாத்தறவங்களைப் பிடிக்க. அதைத் திறந்தா மின்மினி ரெண்டு வருஷமா இந்த மேசையிலேர்ந்துதான் வந்தான்னு தெரிஞ்சுடும்."

"அதை மட்டும் அழிச்சிருக்கலாமே?"

"பழைய முறை சார் இது. ஒருத்தர் வந்துபோன பதிவை அழிச்சா ஆளே அழிஞ்சிடுவாங்க. பேரு, ஆட்டம், வெற்றி எல்லாம். நேத்துப் பூரா விசைப்பலகை மேல கையை வச்சுட்டு உக்காந்திருந்தேன். அவனை நானே எப்படி அழிப்பேன்? ஆட்டம் நின்னா நிக்கட்டும், அதுல அவன் உயிரோட இருக்கும்போதே நிக்கட்டும்னு எடுத்துட்டேன்."

இருபத்தெட்டு வருட வேலையில் கண்டுபிடித்துவிட்டோமே என்று இன்ஸ்பெக்டர் வருத்தப்பட்டது அன்றுதான்.

சங்கத் தலைவியை மேலே வரச் சொன்னார். அக்காவே எல்லாவற்றையும் அவளிடம் சொன்னாள். அவள் கையில் பையோடு நின்று கேட்டாள். முகத்தில் திடுக்கிடல் எதுவும் இல்லை.

"தெரியும்மா" என்றாள்.

அக்கா நிமிர்ந்தாள்.

"எங்க மின்மினி, ஆட்டத்துல நாங்க செத்தா திட்டுவான். மூணு வாரம் கழிச்சு வந்தவன் 'அடி பட்டுச்சா?'ன்னு கேட்டான். ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி நாலு பேரையும் 'சாப்பிட்டீங்களா?'ன்னு கேட்டான். எந்தப் பையன்மா கேப்பான்? முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. யாருன்னுதான் தெரியல, அவனைப் பெத்தவங்களா இருக்கும்னு நினைச்சோம். அதைப் பத்திப் பேசக்கூடாதுன்னு நாலு பேரும் முடிவு பண்ணோம்."

"முதல் இடம் போச்சே உங்களுக்கு."

"போகட்டும்மா."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உடைந்து அழுதாள். இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காணாமல் போன பொருள் கட்டடத்தைவிட்டு வெளியே போகவே இல்லை என்று அவர் எழுதினார். மேலாளர் அதைப் படித்துவிட்டு, வெகு நேரம் யோசித்துப் புகாரைத் திரும்பப் பெற்றார். "வேலை மட்டும் இருக்காதுக்கா. அது என் கையில இல்ல" என்றார். அவர் முகமும் நன்றாக இல்லை.

மாலை நாலு மணிக்குள் அக்காவே டிஸ்க்குகளைச் செருகி சர்வரை ஓட விட்டு, எல்லாம் முழுசாக இருப்பதைக் காட்டினாள். பிறகு கடைசி முறையாக மகன் பேரில் உள்ளே போனாள். சங்கத் தலைவி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவன் பேரு எங்ககிட்ட பத்திரமா இருக்கும்மா. ஒரு எழுத்தையும் தொடமாட்டோம். ஆனா இனிமே அது அவனோடதா மட்டும் இருக்கட்டும். நீங்க உங்க பேர்ல வாங்க. அஞ்சாவது இடம் காலியாத்தான் இருக்கு."

"எனக்குத்தான் ஆடவே வரலையே."

"அதுவும் ரெண்டு வருஷமாத் தெரியும்மா."

அழுகைக்கு நடுவே அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நின்றதும் விசைப்பலகையின் மேல் விரலை வைத்தாள். முந்தின நாள் முழுக்க அந்த விரலால் அழுத்த முடியவில்லை. அழித்துவிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, வெளியே வரத்தான் சொன்னார்கள். அழுத்தினாள். திரையின் அடியில் ஒரு வரி வந்தது: 'மின்மினி வெளியேறினார். 4.12.'

அக்கா கைக்கடிகாரத்தைக் கழற்றினாள்.

"சரியான நேரம் என்ன சார்?"

இன்ஸ்பெக்டர் தன் கையைப் பார்க்கப் போய், நினைவு வந்து சுவரைப் பார்த்தார்.

"நாலு பத்தொன்பதும்மா."

அவள் முள்ளை மெதுவாகத் திருப்பி வைத்தாள்.