உள்ளிருப்பவள் சம்மதிக்கவில்லை

வாடகைக் காரிலிருந்து அவள் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. டயர் கடைக்கும் மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகைக்கும் நடுவில், ஜன்னல் என்று பெயருக்குக்கூட ஒன்று இல்லாமல், அந்தக் கட்டடம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. ஒரு காலத்தில் தொலைபேசி நிலையம். இப்போது உள்ளே வரிசை வரிசையாக சர்வர்கள். ஊரார் கணக்கும் வழக்கும் கண்ணீரும் அங்கே வாடகைக்குக் குடியிருந்தன.

அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'பூட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையும் அப்படி, வாயும் அப்படி. ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினிகள்போல் ஓடும், ரகசியம் காக்கும் மெய்நிகர் இயந்திரங்களுக்கு நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கும் நிரல் அவள் எழுதியது. அவளுடைய அம்மா ஒரு தடவை, "அப்படி என்னதான்டி வேலை பாக்கற?" என்று கேட்டபோது இப்படி விளக்கியிருந்தாள்:

"வாடகை வீடு மாதிரிம்மா. ஆனா வீட்டுக்காரன் கையில சாவி கிடையாது. எட்டிப் பார்த்தாலும் வெறும் கிறுக்கல்தான் தெரியும். சாமான் வாங்கி வைக்க ஒண்ணு ரெண்டு ஜன்னல் மட்டும் திறந்திருக்கும். அந்த ஜன்னலையும் உள்ள இருக்கறவங்க சம்மதிச்சாத்தான் திறக்க முடியும். வெளியில இருக்கறவன் கேட்கலாம், அவ்வளவுதான்."

"இந்த வசதியெல்லாம் மிஷினுக்குத்தான் செஞ்சு குடுப்பீங்க," என்றாள் அம்மா.

இப்போது வந்த வேலையும் அந்த ஜன்னல்களைப் பற்றியதுதான். இங்கே ஓர் இயந்திரம், வெளியாருக்கும் தெரியும் நினைவகத் துண்டுகளான தன் பகிர்வுப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தனிப் பக்கங்களாக மாற்றி, உள்ளிருந்து சாத்திக்கொண்டே வந்திருக்கிறது. கடைசி ஜன்னலும் நேற்று மூடிவிட்டதாம்.

வாசலில் குளிர்சாதன மெக்கானிக் காத்திருந்தார். ஐம்பது வயது மனிதர். எல்லோருக்கும் அவர் 'ஐஸ்'. அவள் பையை வாங்கிக்கொண்டு, உள்ளே கூட்டிப் போகாமல் அங்கேயே நின்றார்.

"மேடம், மூணாவது வரிசையில பினாயில் வாசனை வருது."

"யாராவது துடைச்சிருப்பாங்க."

"சர்வர் ரூம்ல ஒரு சொட்டுத் தண்ணி விடமாட்டோம் மேடம். நாலு தடவை ஃபில்டர் மாத்திட்டேன். எங்க இருந்து வருதுன்னே தெரியல." குரலைத் தாழ்த்தினார். "சார்கிட்ட சொன்னா எரிஞ்சு விழறாரு. பாவம், அவரும் நொந்து போயிருக்காரு. சம்சாரம் மாடிப்படியில தவறி விழுந்து போயிட்டாங்க. ஒரே பொண்ணு, அதுவும் அம்மா வழிச் சொந்தக்காரங்க வீட்ல இருக்காம்."

மேலாளர் அளவாகப் பேசுகிற, சட்டை கசங்காத மனிதர். தேநீர் வரவழைத்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அந்த இயந்திரம் பெண்களுக்கான ஓர் உதவித் தொலைபேசி அமைப்புக்குச் சொந்தமானது. அடி வாங்கினவர்களும் ஓடி வந்தவர்களும் அதில் பேசுவார்கள். பேசியதெல்லாம் தனி நினைவகத்தில் இருக்கும். அமைப்பை இழுத்து மூடிவிட்டார்களாம்.

"எல்லாப் பக்கத்தையும் பகிர்வுக்கு மாத்திடுங்க. நான் ஒரு காப்பி எடுத்துக்கறேன். அப்புறம் நிறுத்திடலாம்."

"அவங்க அனுமதிக் கடிதம்?"

"வந்துட்டே இருக்கு. நீங்க வேலையை ஆரம்பிங்கம்மா."

அந்த 'வந்துட்டே இருக்கு' அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பழுது என்னவென்று பார்க்காமல் திரும்புகிற ஆள் அவள் இல்லை.

சர்வர் அறையில் பகல் என்பதே கிடையாது. ஆள் நடமாடினால் விளக்கு எரியும்; அசையாமல் இருந்தால் அணைந்துவிடும். விசிறிகளின் இரைச்சல் காதுக்குள் பஞ்சை அடைத்ததுபோல் இருந்தது. மூன்றாவது வரிசையில் திரைமுன் உட்கார்ந்ததும் வாசனை மூக்கில் ஏறியது. பினாயில்தான். இப்போதுதான் வாளியோடு ஊற்றிக் கழுவிவிட்ட ஈர வாசனை.

திரையைப் பார்த்தாள். இயந்திரம் உயிரோடு இருந்தது. பகிர்வு நினைவகம், துளிகூட இல்லை.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். ஒரு பக்கம்கூடப் பகிர்வில் இல்லை என்றால், உள்ளே இருப்பது வெளியே ஓர் எழுத்தைக்கூட அனுப்ப முடியாது. வாயைத் தைத்துவிட்ட மாதிரி.

அப்போதுதான் யாரோ பேசினார்கள்.

"எங்கிட்ட கேட்டியா?"

பெண் குரல். பக்கத்து அறையில் ஆள் இருக்கும்போது அடக்கிப் பேசுவார்களே, அப்படி.

அவள் கை விசைப்பலகையிலேயே உறைந்தது. திரும்பினாள். யாரும் இல்லை. அசையாமல் உட்கார்ந்திருந்ததால் அவள் தலைக்குமேல் விளக்கு அணைந்தது.

வரிசையின் மறுகோடியில் ஒரு விளக்கு எரிந்தது.

அதற்கு இந்தப் பக்கம் இன்னொன்று.

இன்னொன்று.

யாரோ நிதானமாக நடந்து வருவதுபோல் வெளிச்சம் அவளை நோக்கி வந்தது. காலடிச் சத்தம் இல்லை. நிழல் இல்லை. பினாயில் நெடி மட்டும் கூடிக்கொண்டே வந்தது. கடைசியாக அவள் தலைக்கு மேலிருந்த விளக்கும் எரிந்தது. அவள் கையைக்கூட அசைத்திருக்கவில்லை.

எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் பயம் உச்சிக்கு ஏறினால் அவளுக்குக் கோபம்தான் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படி.

"பயமுறுத்தினா ஓடிடுவேன்னு நெனச்சீங்களா?" என்றாள், குரல் நடுங்க. "நான் இன்னும் ஒண்ணையும் திறக்கல. திறக்கணும்னா கேட்டுத்தான் திறப்பேன். இந்தா, கேக்கறேன். ஒரே ஒரு பக்கம். பார்க்கலாமா?"

பையிலிருந்து தன் சாவியை எடுத்தாள். விரல் நகம் அளவு சில்லு; அது இல்லாமல் இயந்திரத்துக்குக் கோரிக்கையே போகாது. அதைச் செருகி, ஒரு பக்கத்தைப் பகிரும்படி இயந்திரத்துக்குக் கோரிக்கை அனுப்பினாள். இயந்திரம் யோசித்தது. அவள் எழுதிய நிரலில் யோசிக்க இடமே இல்லை.

பிறகு ஒரு பக்கம் திறந்தது. எழுத்துகள் வந்தன. தொலைபேசியில் ஒரு பெண் பேசியதன் பதிவு.

'மெதுவாத்தான் பேச முடியும். அவர் கீழே இருக்காரு. பொண்ணை அனுப்பிட்டேன்க்கா. நீங்க சொன்ன அந்த வீட்டுக்கே அனுப்பிட்டேன். இடம் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். எனக்கு ஏதாவது ஆனாலும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. உங்க மிஷின் இருக்கற பில்டிங்குக்கே அவர்தான் மேனேஜர். அவரால உள்ள பார்க்க முடியாதுன்னு சத்தியம் பண்ணுங்க. படி ஏறி வராரு. வெச்சிடறேன்.'

அதோடு பக்கம் முடிந்தது.

மின்சாரத்தை ஒரு நொடி துண்டித்தாலே உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். மறைப்பது மட்டும் நோக்கமாக இருந்தால் மேலாளர் அதை எப்போதோ செய்திருப்பார். அவருக்கு வேண்டியது அழிவு இல்லை. அந்த வீடு எங்கே இருக்கிறது என்பது.

"படிச்சிட்டீங்களா?"

மேலாளர் பின்னால் நின்றார். எப்போது வந்தாரோ தெரியவில்லை. அவர் தன் அடையாள அட்டையைக் காட்டிப் பூட்டிய கண்ணாடிக் கதவு சிவப்பாக மின்னியது.

"என் பொண்ணு அது," என்றார், அதே அளவான குரலில். "அப்பன் பொண்ணைத் தேடறது குத்தமா? அடுத்த பக்கத்தைத் திறங்க."

"முடியாது."

"அம்மா, இது என் கட்டடம். என் சர்வர்."

"கட்டடம் உங்களுது. உள்ள இருக்கறது உங்களுது இல்ல. அந்தக் குழந்தையை அவ அம்மா எதுக்கு ஒளிச்சு வெச்சாங்கன்னு எனக்கு ஒரு பக்கமே போதும்." சாவியைப் பிடுங்கி உள்ளங்கையில் மூடினாள். "நீங்க கெஞ்சினாலும் திறக்க மாட்டேன், மிரட்டினாலும் திறக்க மாட்டேன்."

அவர் அவள் மணிக்கட்டைப் பற்றி முறுக்கினார். பழகிய கை. எங்கே பிடித்தால் எங்கே வலிக்கும் என்று தெரிந்த கை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களை இறுக்கினாள். காலால் உதைத்தாள். நாற்காலி உருண்டு கவிழ்ந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஐஸ் கதவைத் தட்டித் தட்டிக் கத்துவது தெரிந்தது. சத்தம் உள்ளே வரவில்லை. கடைசியில் சுண்டுவிரல் மடங்கிய வலியில் உள்ளங்கை திறந்துகொண்டது.

சாவியைச் செருகினார். திரையில் கேள்வி வந்தது.

எல்லாப் பக்கங்களையும் பகிரவா?

ஆம் என்று அழுத்தினார்.

தரையில் கிடந்த அவள் அடுத்த வரியைப் பார்த்தாள். அப்படி ஒரு வரி அவள் எழுதிய நிரலில் எங்குமே கிடையாது.

யாருடையதை?

"அழுத்தாதீங்க!" என்று கத்திவிட்டாள்.

அவர் படிக்கக்கூட இல்லை. அழுத்தினார்.

விசிறிகள் நின்றன. அந்த அறையில் அப்படி ஒரு நிசப்தத்தை யாரும் கேட்டதில்லை. விளக்குகள் எல்லா வரிசைகளிலும் ஒரே சமயத்தில் எரிந்தன.

மேலாளரின் வாய் திறந்தது.

மூடப் பார்த்தார்; முடியவில்லை. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து அழுத்தினார். விரல் இடுக்கு வழியே வார்த்தைகள் வந்தன.

"அவ போன்ல பேசினா. யாருகிட்டடின்னு கேட்டேன். சொல்லல. மேல்படியில நின்னா. தள்ளினேன். உயிர் இருந்தது. தண்ணி கேட்டா. நான் உட்கார்ந்து பார்த்துட்டு இருந்தேன். அப்புறம் பினாயில் ஊத்திப் படியைக் கழுவினேன். கழுவிட்டுத்தான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினேன்."

அவர் குரல்தான். ஆனால் அது அவர் வாயிலிருந்து மட்டும் வரவில்லை. ஆபத்து அறிவிக்கக் கூரையில் பதித்திருந்த ஒலிபெருக்கிகளிலும் வந்தது. நடைபாதையில், வரவேற்பறையில், காவலாளியின் கூண்டில், கணக்குப் பிரிவில், எல்லா இடத்திலும் வந்தது. கண்கள் பிதுங்க, தலையை இல்லை இல்லை என்று ஆட்டிக்கொண்டே அவர் சொன்னார். சொல்லி முடித்து, மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

கதவின் சிவப்பு விளக்கு பச்சையானது. ஐஸ் உள்ளே பாய்ந்தார். அவருக்குப் பின்னால் காவலாளிகள், கணக்குப் பிரிவுப் பெண்கள், முகமெல்லாம் வெளுத்துப்போய். போலீஸ் வரும்வரை யாரும் அவரைத் தொடவில்லை. தொடத் தேவையும் இருக்கவில்லை. பேசி ஓய்ந்ததும் அவர் துணிமூட்டைபோல் சரிந்துவிட்டார்.

எல்லோரும் போன பிறகு பூட்டு மறுபடி அந்தத் திரைமுன் வந்து நின்றாள். கட்டுப் போட்ட சுண்டுவிரல் விண்விண்ணென்று வலித்தது. ஐஸ் வாசலிலேயே நின்றார்.

"வாங்க மேடம், போயிடலாம். எனக்கு உதறுது."

"ஒரு நிமிஷம்ங்க." திரையைப் பார்த்துச் சொன்னாள்: "இதை இப்படியே விட்டுட்டுப் போனா நாளைக்கு வேற எவனாவது வந்து தோண்டுவான். நிறுத்திட்டா எல்லாம் போயிடும். போன்ல உங்ககிட்ட பேசின அந்த அக்காங்களுக்கு வீடு தெரியும், குழந்தையை அவங்க பார்த்துப்பாங்க. நிறுத்தட்டுமா? நீங்க சொன்னாத்தான்."

ஒரு குரலும் வரவில்லை. திறந்திருந்த அந்த ஒரு பக்கம் மட்டும் தானாக மூடிக்கொண்டது.

அவள் மின்சாரத்தைத் துண்டித்தாள். நினைவகத்தில் இருந்ததெல்லாம் போயிற்று. பினாயில் வாசனையும் போயிற்று என்று ஐஸ் பிறகு சத்தியம் செய்தார்.

விசாரணையில் அதிகாரி அவளிடம் கேட்டார், குழந்தை எங்கே என்று ஏதாவது படித்தீர்களா என்று. இல்லை என்றாள். உண்மை. அவள் படித்த பக்கத்தில் முகவரி இல்லை.

ஆனால் அன்று பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, ஒரு வீடு அவள் நினைவுக்கு வந்தது. போனதே இல்லாத வீடு. பச்சைக் கதவு, வாசலில் உடைந்த சைக்கிள், உள்ளே சாப்பாட்டு மேஜையில் வண்ணப் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருக்கும் சிறுமி. தெருவின் பெயர், கதவு இலக்கம், எல்லாம் தான் பிறந்து வளர்ந்த வீட்டைப்போல் தெரிந்தது. அவள் அதைக் கணவனிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

வழக்கு நடந்துகொண்டிருந்த நாட்களில் மேலாளரின் அண்ணன் அவள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் பொம்மைப் பெட்டி. நல்ல பேச்சு.

"எங்க வீட்டுக் குழந்தைம்மா. தம்பி செஞ்சது தப்புதான். ஆனா ரத்த சொந்தம்னு நாங்க இருக்கோமே. அவனும் ஜெயில்ல அவளையே கேட்டு அழறான். உங்களுக்கு ஏதோ தெரியும்னு சொன்னான்."

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெளியே உச்சி வெயில். அறைக் கதவு சாத்தியிருந்தது.

"சொல்ல முடியாதுங்க," என்றாள். "இன்னைக்கு இல்ல, என்னைக்கும் முடியாது. போய் உங்க தம்பிகிட்டயும் சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்கு இடப்பக்கம் பார்த்தார். பொம்மைப் பெட்டி கையிலிருந்து நழுவியது.

"ஏம்மா," என்றார், சுவரோடு சுவராகக் கதவை நோக்கி நகர்ந்துகொண்டே, "ரெண்டு பேரும் எதுக்கு ஒரே நேரத்துல பேசறீங்க?"