கண்ணாடியின் அந்தப் பக்கம்

அந்தப் படம் மங்கலாக வந்திருக்க வேண்டும். தப்பு அவளுடையதுதான். அவசரத்தில் ஃபோகஸைத் தம்பியின் பிம்பத்தில் வைக்காமல், கண்ணாடியின் மேல்பரப்பில் வைத்துவிட்டாள். கண்ணாடியில் தெரிகிற முகம் அதற்குப் பின்னால் தள்ளியிருப்பதாகத்தான் கேமராவுக்குக் கணக்கு; மேல்பரப்பைப் பிடித்தால் தூசி தெளியும், முகம் கலங்கும். தொழிலுக்குப் புதிதாய் வருகிறவர்கள் செய்கிற பிழை. ஆனால் கேமராவின் சின்னத் திரையில் தூசியும் தெளிவாக இருந்தது, யாரோ பவுடர் விரலால் வைத்த ரேகையும் தெளிவாக இருந்தது, தம்பியின் இமைமுடிகளைக்கூட எண்ணிவிடலாம் போலிருந்தது.

பகல் காட்சி முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அந்த ஒப்பனை அறையில் ஒட்டுமீசைப் பசையின் வாடையும், வியர்வையில் ஊறிய ராஜா உடுப்பின் வாடையும் போக வழியில்லாமல் தேங்கிக் கிடக்க, எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. தம்பி அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துண்டால் முகச்சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேடையில் ஊரையே அழவைக்கிறவன், நேருக்கு நேர் கேமராவை நீட்டினால் பல்லைக் காட்டிக்கொண்டு மரமாகிவிடுவான். அதனால்தான் அவனைக் கண்ணாடி வழியே எடுத்தாள். தன்னையே பார்த்துப் பார்த்து, பக்கத்தில் அக்கா நிற்பதையே மறந்துபோகும்வரை பார்க்கவைப்பாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுடா. என்னைப் பாக்காத. உன்னையே பாரு."

"எவ்வளவு நேரம்தான்க்கா இந்த மூஞ்சியப் பாக்குறது? எனக்கே சலிச்சுப்போச்சு."

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

சிரித்தான். துண்டை மடியில் போட்டுவிட்டுப் பார்த்தான்.

அவள் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினாள். பிம்பம் இருக்கவேண்டிய தூரத்தில் வெறும் கலங்கல். கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தாள். பவுடர் ரேகை தெளிந்தது. கூடவே முகமும் தெளிந்தது. இன்னும் ஒரு மயிரிழை கிட்டே திருப்பினாள். ரேகை கலங்கிவிட்டது. முகம் கலங்கவில்லை.

ஃபேன் நின்றது.

"போதும்டா. எழுந்திரு, போலாம்."

நாற்காலியில் இருந்தவன் எழவில்லை. துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு குனிந்திருந்தான். கண்ணாடியில் இருந்தவனிடம் துண்டு இல்லை. அவன் அவளைப் பார்த்தான். வாய் 'அக்கா' என்று திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. அந்த வாய்க்கு எதிரே கண்ணாடியில் மூச்சு வட்டமாகப் படிந்தது.

ஓடிப்போய்ச் சட்டைக்கையால் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். ஈரம் அந்தப் பக்கம் இருந்தது.

பார்க்கச் சொன்னதே அவள்தான்.

நாற்காலி கிறீச்சிட்டது. மேசையோடு ஒட்டிக்கொண்டு திரும்பினாள். துண்டு மெதுவாக இறங்கியது. பழக்கதோஷம், கேமரா தானாகக் கண்ணுக்குப் போயிற்று. வளையத்தைத் திருப்பினாள். காது தெளிந்தது. கழுத்து மச்சம் தெளிந்தது. முகம் தெளியவில்லை. முன்னே திருப்பினாள். பின்னே திருப்பினாள். இல்லை.

கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள்.

அப்போதும் தெளியவில்லை.

வாய் இருக்கவேண்டிய இடத்தில் அந்தக் கலங்கல் கொஞ்சம் அகலமானது.

"போலாமாக்கா?" என்றது, தம்பியின் குரலிலேயே.

அவள் முதுகுக்குப் பின்னால், கண்ணாடிக்கு உள்ளேயிருந்து, இரண்டு உள்ளங்கைகள் விடாமல் அறைந்துகொண்டிருந்தன.