தம்பி ஓட்டிய எஞ்சின்

தான் பூசாத கரிக்கறை ஒன்று எஞ்சினின் கேபின் கதவோரம் படிந்திருப்பதை அவர் பார்த்தார்.

அவர் பல் செட் செய்து கொடுக்கிறவர். பொய்ப்பல்லுக்கு நிஜப்பல்லின் மஞ்சளை ஏற்றிப் பழகிய கை. ஓய்வு நேரத்தில் பொம்மை ரயில் எஞ்சின்களுக்குத் துருவும் புகையும் எண்ணெய்க் கசிவும் ஏற்றி, காலமெல்லாம் ஓடிக் களைத்தவைபோல் ஆக்கிவிடுவார். "புதுசை வாங்கி அழுக்காக்க இவரால்தான் முடியும்" என்பாள் மனைவி. ஆனால் இந்த எஞ்சின் விளையாட்டுக்கு அல்ல. டிரைவராக இருந்த தம்பி இதே மாதிரி எஞ்சினில்தான், கேபின் தீப்பிடித்து, கதவு இறுகிக்கொண்டதில் வெளியே வர முடியாமல் செத்தான். "அவர் ஓட்டினப்ப இருந்த மாதிரியே செஞ்சு குடுங்க மாமா" என்று தம்பி மனைவி கேட்டிருந்தாள். இன்று வாங்கிப்போக வருகிறாள்.

பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த பஞ்சால் கரியைத் துடைத்தார். போய்விட்டது. மதிய வெயிலில் ஜன்னல் திரை அசையாமல் தொங்க, கூரையில் துருப்பொடியைத் தூரிகையால் தட்டிக்கொண்டிருந்தபோது, தின்னர் நெடியையும் மீறி ஒரு வாடை மூக்கில் ஏறியது: டீசல், கருகிய முடி, அதற்கடியில், தம்பியை அடையாளம் காட்டப் பிணவறைக்குப் போன அன்று சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்து எத்தனை சலவைக்கும் போகாத அந்த வாடை.

கதவோரம் மறுபடியும் கரி. இப்போது கேபின் கண்ணாடியிலும். விரலால் தேய்த்தார். வரவில்லை.

கரி உள்பக்கம் இருந்தது.

வாசல் மணி அடித்தது. வந்தவள் எஞ்சினைக் கண்டதும் இரண்டு கையாலும் வாரி எடுத்துக்கொண்டாள்.

"சுடுது மாமா."

"வெயில்ல இருந்துச்சும்மா. வச்சிடு. இன்னும் முடியல."

அவள் வைக்கவில்லை. காதருகே கொண்டுபோனாள். தம்பி போனதிலிருந்து இறுகியே கிடந்த அவள் முகம் மெல்ல இளகியது.

"தட்டுறார்."

"என்னம்மா சொல்ற?"

"கதவைத் தட்டுறார் மாமா. உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்டது. டக். டக். நகம் படுகிற சத்தம்.

"அதுக்குக் கதவே கிடையாதும்மா. எஞ்சின் உடம்போட சேத்தே வார்த்தது. வெறும் கோடு."

மேஜையிலிருந்த பிளேடை அவள் எடுத்தாள்.

"வேண்டாம்." எஞ்சினை வாங்க அவர் கை நீட்டினார்.

"அன்னிக்கு யாரும் திறக்கல" என்றாள் எஞ்சினிடம், குழந்தையைத் தேற்றுவதுபோல. "இருங்க. இதோ வந்துட்டேன்."

பிளேடு கோட்டில் இறங்கியது. தட்டல் நின்றது.

கீறலில் புகை. பிறகு, தீக்குச்சி முனைபோல் கருகிய நான்கு விரல்நுனிகள், உள்ளிருந்து வந்து விளிம்பைப் பற்றின.

அவள் தன் சுண்டுவிரலை நீட்டினாள். அவை பிடித்துக்கொண்டன.

அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். நகக்கண்ணில் தொடங்கி, விரலில், மணிக்கட்டில், கரி மேலே ஏறிக்கொண்டிருந்தது.