அக்ரிமென்ட்டில் கொலை இல்லை!

"ரத்தம்...! ஐயோ, ரத்தம்...!"

மாலை ஆறு மணி. முடிச்சூரில் அந்த மூன்று மாடிக் கட்டடமே அதிர்ந்தது.

அலறியவர் ஞானாம்பாள் மாமி. வீட்டுக்காரரின் மனைவி. கையிலிருந்த கறிவேப்பிலைக் கொத்து காற்றில் பறந்தது.

கேட்டில் ஆரம்பித்த சிவப்பு, சொட்டுச் சொட்டாய்ப் படியேறி, திரும்பி, மறுபடியும் படியேறி... இரண்டாவது மாடியில் ஒரு கதவுக்கு முன்னால் போய் நின்றிருந்தது.

கதவுக்குப் பின்னால் நான்!

பெயர் அரிகிருஷ்ணன். சிந்தியவனும் நானே. நடுங்கியவனும் நானே.

"என்னங்க, பையெல்லாம் சொதசொதன்னு இருக்கு?" என்றாள் என் மனைவி ப்ரியா.

"கேட்டைத் திறக்கறதுக்காகப் பையை டொக்குன்னு கீழ வச்சேன். உள்ள பாட்டில் உடைஞ்சிருச்சு."

"என்ன பாட்டில்?"

"ஒயின்..."

ப்ரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏழாவது மாதம்.

போன மாதம் வரை நான் கரூரில் மாட்டுத் தீவனம் விற்றவன். இன்றுதான் மறைமலை நகரில் புது வேலை. ஒயின் கம்பெனி. நட்சத்திர ஹோட்டல்களுக்கு சப்ளை.

மேனேஜர் ஜோசலின் மேடம் முதல் நாளே ஒரு பாட்டிலை நீட்டி, "ருசி தெரியாம விக்க முடியாது. வீட்ல வச்சு நிதானமா குடிச்சுப் பார்த்து ரிப்போர்ட் எழுதிட்டு வாங்க" என்றார். படிக்கிற காலத்தில் கூட இப்படி ஒரு வீட்டுப்பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

சிக்கல் வீட்டுப்பாடத்தில் இல்லை. வீட்டில்!

'ஒயின் கம்பெனி' என்றதும் ஐந்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். ஆறாவது ஆள் ஸ்ரீநிவாசராகவன். ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி வாத்தியார். அவரிடம் மட்டும், "பழம் சம்பந்தப்பட்ட கம்பெனி சார்" என்று சொல்லியிருந்தேன்.

பொய்யா? திராட்சை பழம்தானே!

அவருடைய அக்ரிமென்ட்டில் நிபந்தனை நான்கு: அசைவம் கூடாது. நிபந்தனை ஐந்து: மது கூடாது. மீறினால் இருபத்து நான்கு மணி நேரத்தில் காலி!

"எத்தனை நாள் சார் இருக்கலாம்?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"பகவான் சித்தம்" என்றார்.

எதைக் கேட்டாலும் அவரிடம் நேரான பதில் வராது. 'தண்ணி எப்ப சார் வரும்' என்றாலும் பகவான் சித்தம்தான்.

"கடவுளே, வாசனை...!" ப்ரியா ஒரு முழு பாட்டில் பினாயிலைத் தரையில் கொட்டினாள். "இன்னொரு வீடு தேடற தெம்பு எனக்கில்லைங்க."

அவள் குரல் உடைந்தது. எனக்குள்ளும் ஏதோ டொக்கென்றது.

செல்போன் சிணுங்கியது. குடியிருப்போர் வாட்ஸப் குழு.

ப்ரியா படித்தாள். "மூணாவது மாடி சாமுண்டீஸ்வரி மேடம் போட்டிருக்காங்க. 'ரெண்டாவது மாடி கர்ப்பிணிப் பெண் உயிரோடு இருக்கிறாரா?' என்னைத்தான் கொன்னுட்டீங்களாம்! உயிரோட இருக்கேன்னு பதில் போடவா?"

"போடாத! அப்புறம் ரத்தம் யாருதுன்னு கேப்பாங்க!"

டொக்... டொக்... டொக்...!

கதவைத் திறந்தேன்.

ஏட்டு ஏசுபாதம் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ஸ்ரீநிவாசராகவன், மாமி, தரைத்தளத்து ஜான்சி அக்கா, மற்றும் மொத்தக் கட்டடமும்!

"இன்னா சார், ரத்தம் கீதுன்னு போன் வந்துச்சு. பாடி எங்க?"

"பாடி... இல்ல சார்."

ஏட்டு மூக்கை உறிஞ்சினார். "பினாயில் ஊத்திக் கழுவிகினு கீறே! ஒழுங்கா வூட்டைக் கழுவாதவன்கூட கொலை பண்ணா கழுவிடுவான்யா. சம்சாரம் எங்க?"

ப்ரியா எட்டிப் பார்த்தாள். வந்தவர்கள் முகத்தில் லேசான ஏமாற்றம்.

"இவங்க உசுரோடதான் கீறாங்க! அப்ப அது யாரு ரத்தம்?"

என் மூளை கரூர் பஸ் போலப் பறந்தது.

'கோழி' என்று சொல்லலாமா? நிபந்தனை நான்கு. காலி!

'ஒயின்' என்று சொல்லலாமா? நிபந்தனை ஐந்து. காலி!

கொலை...?

கொலையைப் பற்றி அக்ரிமென்ட்டில் ஒரு வரிகூட இல்லை!

"நான்தான் சார்!" கைகளை நீட்டினேன். "கொலை பண்ணிட்டேன்!"

"யாரை?"

"அவசரத்துல பேர் கேக்கலை சார்."

ஏட்டு தொப்பியைக் கழற்றினார். "பத்தொம்பது வருச சர்வீஸ்ல ஒரு அடிகூட வாங்காம ஒத்துகின மொத ஆளு நீதான்யா!"

"என் வீட்டுக்காரர் எறும்பைக்கூட ஊதித்தான் விடுவார் சார்!" ப்ரியா அழ ஆரம்பித்தாள். "வீட்டுக்காக என்ன வேணா சொல்வார்!"

"கொஞ்சம் நகருங்கோ."

ஸ்ரீநிவாசராகவன்!

நேராக உள்ளே வந்தார். மூலையில் கிடந்த என் பையை எடுத்தார். அடியில் தேங்கியிருந்த சிவப்பில் சுண்டு விரலைத் தொட்டார்.

நாக்கில் வைத்தார்!

மொத்தக் கட்டடமும் மூச்சை நிறுத்தியது.

கண்ணை மூடினார். ஐந்து விநாடி... பத்து விநாடி...

"ஏட்டு சார், கொலையும் இல்லை, ஒண்ணும் இல்லை. புளிக்க வச்ச திராட்சை. ஆனா ஜான்சி டிசம்பர்ல கேக்கோட குடுக்கறதை விட இதுல இனிப்பு கம்மி."

ஜான்சி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ சார்... அது எங்க வீட்டுல போட்ட ஒயின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"முப்பத்தி ரெண்டு வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவன்ம்மா. ஜூஸுக்கும் ஒயினுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

மாமி மெதுவாகத் திரும்பினார்.

"ஏன்னா... பதினோரு வருஷமா 'திராட்சை ஜூஸ், உடம்புல ரத்தம் ஊறும்'னு எனக்கும் ஒரு டம்ளர் ஊத்திக் குடுத்தேளே...?"

"ஊறித்தா இல்லையா?"

மாமி கழுத்து வரை சிவந்திருந்தார். நன்றாகவே ஊறியிருந்தது.

நான் நீட்டிய கம்பெனி கேட் பாஸில், 'ருசி பார்த்து ரிப்போர்ட் எழுத ஒரு பாட்டில்' என்றிருந்ததை உரக்கப் படித்த ஏட்டு தலையிலடித்துக்கொண்டு கிளம்பினார். "பேஜார் புடிச்ச கேஸுப்பா! கொலைன்னு ஓடியாந்தா, திராட்சைப்பழம் செத்துக் கீது!"

கூட்டம் கலைந்தது. ப்ரியா என் சட்டையைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்திருந்தாள்.

"சார்..." கை கூப்பினேன். "பகவான் சித்தம்னு மட்டும் சொல்லிடாதீங்க. நாங்க இந்த வீட்ல இருக்கலாமா, கூடாதா?"

அவர் ப்ரியாவின் வயிற்றைப் பார்த்தார். பையைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"இருக்கலாம். அஞ்சாவது நிபந்தனையை அடிச்சுட்டு, அந்த இடத்துல கொலைன்னு எழுதிடறேன்" என்றவர், மாமி படியிறங்கிவிட்டதை உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார். "அடுத்த தடவை பாட்டிலைத் துண்டுல சுத்திக் கொண்டு வா. ரிப்போர்ட்டை நான் எழுதித் தரேன்!"